மருமகளுக்கு ஒரு பள்ளிக்கூடச் சீர்

எங்கள் கடையிலேயே பெரிய பாத்திரம் சாம்பார் அண்டாதான். இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்தால்தான் நகரும். அதைக் கழுவி வெயிலில் படுக்கப் போட்டிருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வரும். முதலில் "ஊ..." என்று வரும். பிறகு "யாரு?" என்று வரும். கொஞ்சம் பொறுத்து அதே குரல், "நாந்தேன்" என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவர்கள் ஓர் எட்டுப் பின்னால் போவார்கள். "பயப்படாதீங்கண்ணே, பாத்திரம் கழுவுற பிள்ளையோட மக" என்று சொல்லுவேன். இன்றைக்கு அவளைப் பற்றி யாராவது கேட்டால் "எங்க மருமக" என்கிறேன். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பழங்காநத்தத்தில் எனக்கு வாடகைப் பாத்திரக் கடை. நான் எட்டாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் பந்தி நடக்கிற இடத்தில்தான். சமையல்காரர்கள், மேளக்காரர்கள், பந்தியில் இடம் கிடைக்காத கோபக்காரர்கள் எல்லாரும் வாயைத் திறந்தால் ஒரு சொலவடை விழும். நான் பொறுக்கிக்கொள்வேன். "எலை எடுக்குறவனுக்குத்தான் தெரியும் எது ருசியில்லைன்னு" என்று ஒரு சமையல்காரர் சொன்னதை இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முகூர்த்தம் முடிந்து திரும்பி வருகிற பாத்திரங்களைக் கழுவ ஒரு பெண் வருவாள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் பிறந்தவள். அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவள் வீட்டுக்காரர் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மூன்று வயது மகளை விட்டுவிட்டு வர ஆளில்லாததால் இடுப்பிலேயே தூக்கி வருவாள். அங்கன்வாடி இருக்கிறது, அங்கே இருக்கிற அம்மாவும் தங்கமானவர். ஆனால் அது பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். விடியக் காலையில் பாத்திரம் வந்து குவிகிற தொழிலில், நடுவில் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்க் கொண்டுவிட்டு, திரும்பக் கூட்டி வர முடியாது.

அதனால் பிள்ளைக்கு எங்கள் கடைதான் உலகம். கரண்டிகளை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பேர் வைப்பாள். பெரியது அப்பாக் கரண்டி. ரசக் கரண்டி அம்மா. ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஜல்லிக் கரண்டிக்கு "அழுகுற கரண்டி" என்று பேர். ஏன் என்று கேட்டேன். "தண்ணியில முக்கி எடுத்தா கண்ணீரா ஊத்துதுல்ல" என்றாள். இருபது வருடமாக அந்தக் கரண்டியை வாடகைக்கு விடுகிறேன். அது அழுவது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் இரண்டு தெரு தள்ளியிருக்கிற மழலையர் பள்ளி டீச்சர் ஜமுக்காளம் வாடகைக்குக் கேட்டு வந்தார். வந்த இடத்தில் அண்டா "யாரு?" என்றது. மற்றவர்களைப் போல அவர் பின்னால் போகவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அண்டா வாய்க்கு நேராகக் குனிந்து, "நீ யாரு?" என்று கேட்டார்.

"நாந்தேன் மொதல்ல கேட்டேன்" என்று பதில் வந்தது.

டீச்சர் சிரித்த சிரிப்பில் ஜமுக்காளம் மறந்துபோனது. அந்த உரையாடல் முடிகிற வரைக்கும் நான் வந்த கிராக்கிகளைச் சைகையிலேயே உட்கார வைத்தேன்.

அந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். சின்ன வயதில் வீட்டில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் வேறொரு பாஷை என்று திகைத்துப்போய், ஒரு வருடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். அதனாலேயே பேசுகிற பிள்ளையைக் கண்டால் விடமாட்டார். அவருடைய பள்ளியில் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கட்டாயம் கிடையாது. மணல், தண்ணீர், புளியங்கொட்டை, களிமண், கதை, பாட்டு. "ஏபிசிடி எழுத வைக்க மாட்டேங்கிறாக, இதுக்கு ஃபீஸ் வேறயா?" என்று தெருவில் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு தடவை ஒரு தகப்பனார் அவரிடமே போய், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். "வளைக்கிறதுக்குப் பிள்ளை என்ன கம்பியா சார்? வளரட்டும்" என்றார் டீச்சர். அந்தப் பதிலையும் நான் பொறுக்கி வைத்திருக்கிறேன்.

போகும்போது டீச்சர் எங்கள் பாத்திரக்காரப் பெண்ணிடம், "இந்தப் பிள்ளையை எங்கிட்டக் குடும்மா. ஸ்கூல் திறக்கிற வரைக்கும் ஒரு எடம் பிடிச்சு வச்சிருக்கேன். ஃபீஸைப் பத்திப் பேசிக்குவோம்" என்றார். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் மறுநாளே அந்தப் பள்ளி வாசலில் போய் நின்று பார்த்திருக்கிறாள். அதை என்னிடம் அவளேதான் சொன்னாள்.

"அண்ணே, அங்க ஒரு பய கேள்வி மேல கேள்வி கேக்குறான். அந்தம்மா கீழ உக்காந்து ஒண்ணொண்ணுக்கும் பதில் சொல்லுது. எம்மக எங்கிட்டக் கேக்குறப்ப எல்லாம் நான், 'கையி வேலையா இருக்கு, சும்மா கெட'ன்னுதேன் சொல்லியிருக்கேன். அவ அண்டாகிட்டப் பேசுறது வெளையாட்டுன்னு நெனச்சேன்ணே. பேச ஆளில்லாமத்தேன் பேசிக்கிட்டிருக்கா."

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடம் மகளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. கிடைக்காவிட்டால், இனிமேல் அந்த அண்டா "யாரு?" என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் குத்தும்.

நான் என்ன செய்தேன் என்றால், நல்லவன் செய்கிற காரியத்தைச் செய்தேன். டீச்சரும் பாதியைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மிச்சத்தை ஒரு கவரில் போட்டு, யாருக்கும் தெரியாமல் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். பாத்திரத்தில் கை வைக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்து அந்தக் கவரை வைத்தாள்.

"இது யாரு வேலை?"

"எது?"

"ஃபீஸ் கட்டியாச்சுன்னாங்க டீச்சர், யாருன்னு பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. ஆனா மேசையில இருந்த கவர் மேல ஒங்க கடைப் பேரு அச்சடிச்சிருக்கே, கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

கடைக் கவரிலேயே போட்டுக் கொடுத்த என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"சும்மா ஒரு ஒத்தாசைம்மா..."

"எனக்கே தெரியாம என் தலையில கடனை ஏத்தி வச்சிருக்கீங்களேண்ணே."

"கடன் இல்லம்மா, திருப்பித் தரவே வேண்டாம்."

"அதுதாண்ணே பெரிய கடன். திருப்பிக் குடுக்குற கடன்னா குடுத்துட்டு நிமிந்து நிக்கலாம். நாளைக்குப் பிள்ளை கீழ விழுந்து முட்டியச் செராச்சுக்கிட்டு வந்தா, ஏன் டீச்சர் பாக்கலைன்னு நான் போய்க் கேக்க முடியுமா? ஓசியில சேத்த பிள்ளைக்கு வாயப் பாருன்னு..."

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் சொல்ல மாட்டாங்க. நானே எனக்குச் சொல்லிக்கிருவேன்ல."

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது பெரிய விஷயம் என்று தெரிந்துகொண்டு டீ போடப் போய்விட்டாள்.

"சரி, யாரு குடுத்தா வாங்குவ?" என்று கேட்டேன்.

"எங்கூடப் பொறந்தவன் குடுத்தா வாங்குவேன். சண்டை போட்டு வாங்குவேன். இம்புட்டுத்தானான்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வாங்குவேன். அது ஒதவி இல்லண்ணே, உரிமை. எங்க, எனக்குத்தேன் அப்படி ஒருத்தன் வாய்க்கலையே."

"அப்ப விடிஞ்சதுலருந்து அண்ணே அண்ணேன்னு கூப்புடுறது யாரையாம்?"

"மினி பஸ் கண்டக்டரையுந்தேன் அண்ணேங்குறேன். அதுக்காக டிக்கெட் இல்லாம ஏத்திக்கிறாரா?"

அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், சிரிக்காமல் சொன்னேன்: "கண்டக்டரு ஏத்தாட்டிப் போறாரு. நான் அண்ணனா இருந்து பிள்ளைக்குச் சீர் செஞ்சா வாங்குவியா?"

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள்.

"செஞ்சா நாலு பேரு பாக்கச் செய்யணும். சீர்னா ஒளிஞ்சுக்கிட்டா வரும்? மேளம் கேக்கணும், தட்டு வரணும், தெரு எட்டிப் பாக்கணும். கவர்ல வந்தா கடன்ணே. தட்டுல வந்தாத்தேன் சீரு."

பிறகு டீ வந்தது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு நிபந்தனையும் போட்டாள்.

"மாசா மாசம் என்னால ஆனதை நானும் கட்டுவேன். அப்பறம், ஒங்களுக்குக் கூடப்பொறந்த அக்கா இருக்காங்கள்ல? அவுக சம்மதிக்கணும். ஒரு வீட்டுச் சீரு இன்னொரு வீட்டுச் சீரைக் கலைக்கக் கூடாது. அவுக மொகம் கோணுச்சுன்னா எனக்கு வேணாம்."

இந்த விவரத்தை டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் வருடா வருடம் சத்தமில்லாமல் ஃபீஸைக் குறைத்துக்கொண்டிருந்தவர். ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்தப் பேச்சே நடக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் நடுவில் நின்றுவிடுகின்றன, அந்தத் தாய்மார்கள்தான் கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் கதவோரம் நிற்கிறார்கள், ஏன் என்று அவருக்குப் புரியவே இல்லையாம்.

"அவங்க மானத்தைக் காப்பாத்துறேன்னு கதவைச் சாத்தினேண்ணே. கதவைச் சாத்துனதுலதான் போயிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. தாம்பாளத்துக்கு என்னிடம் பஞ்சமா? பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று டீச்சரைக் கேட்டு, அதையே சீர்ப் பொருளாக்கினோம். மெழுகு கலர் பென்சில் ஒரு தட்டு, களிமண் ஒரு தட்டு, மாற்றுத்துணி ஒரு தட்டு, தட்டும் டம்ளரும் ஒரு தட்டு. வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஃபீஸ் ஒரு தட்டு. முன்னால் போகும் தட்டு அதுதான்.

பக்கத்துக் கடை பாய்க்கு விஷயம் தெரிந்ததும் கடையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். கோரைப்பாயும் தலையணையும் விற்கிறவர். பழைய டவுனில் மூன்று தலைமுறைக் கடை, இங்கே கிளை.

"ஏண்ணே, மாமன் ஒருத்தன்தேன் இருக்கணும்னு சட்டமா? நீங்க மாமான்னா நான் மாமு. பிள்ளை தூங்குறதுக்குச் சின்னப் பாய் ஒண்ணு, தலையணை ஒண்ணு, ரெண்டும் ரெண்டு தட்டுல என் சீரு. ஃபீஸ்லயும் என் பங்கு உண்டு, சொல்லிட்டேன்."

பிள்ளையின் அப்பாவிடம் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. மண்டியிலிருந்து வந்தவர் தோளில் சாக்குத்தூசியோடு நின்று முழுவதையும் கேட்டார். "மூணு வயசுப் பிள்ளைக்கு ஃபீஸு, அதுக்கு மேளமா?" என்றார். தலையைச் சொறிந்தார். "அப்ப இனிமே நான் ஒங்களுக்கு மாப்ளயா?"

"ஆமா மாப்ள."

"மாப்ளைக்கு வேட்டி சட்டை எடுக்கலையா?"

அந்த ஒரு கேள்வியில் அவர் சம்மதம் வந்துவிட்டது. வேட்டி சட்டைத் தட்டும் சேர்ந்துகொண்டது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். திருநகரில் இருக்கிற என் அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் அன்பும் கோபமும் ஒரே சத்தத்தில் வரும், எது எதுவென்று எனக்கு இன்னும் பிடிபடாது. தினமும் போன் போடுவேன். மழை உண்டா என்பேன், கேஸ் வந்ததா என்பேன், மச்சான் முழங்கால் எப்படி என்பேன், வைத்துவிடுவேன்.

"சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"அழுக்குத்துணியும் கெட்ட சேதியும் நாளாக நாளாகத்தேன் நாறும்."

"இது கெட்ட சேதி இல்லடி."

"ஒங்க அக்காவுக்குச் சொல்லாம விட்டா ஆயிரும்."

பாத்திரக்காரப் பெண் கேட்டபோது மட்டும், "அதெல்லாம் அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன். சொல்லவே இல்லையே, அவள் என்ன சொல்லுவாள்.

பள்ளி திறக்கிற நாள் வந்தது. காலையிலேயே எங்கள் கடை வாசலில் கூட்டம். தெருப் பெண்கள் தலைக்கொரு தட்டாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பழக்கமான மேளக்காரர், "பள்ளிக்கூடத்துக்கு அடிக்கிறது இதுதேன் மொதத் தடவை, இன்னைக்கு என் சீரும் இதுதேன்" என்று காசு வாங்காமல் வந்திருந்தார். புது கவுன் போட்ட மருமகள் என் இடுப்பில். அவள் தாய் பள்ளி வாசலில் ஆரத்தித் தட்டோடு டீச்சர் பக்கத்தில் நின்று எதிர்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. தெருவே எட்டிப் பார்த்தது. "யாரு வீட்டுல விசேஷம்?" என்று கேட்டவர்களுக்கு, "எம்மருமக படிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல என் சட்டை சின்னதாகிக்கொண்டு வந்தது.

பள்ளி வாசலுக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து குறுக்கே நின்றது. அக்கா இறங்கினாள்.

மேளக்காரருக்கு அக்காவை நன்றாகத் தெரியும். திருநகரில் அவர் மேளம் போகாத வீடு கிடையாது. சேதி எந்த வழியாகப் போனது என்று எனக்கு அந்த நொடியே விளங்கியது. அவரே அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன்டா, நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் அக்கா.

பள்ளி வாசலில் பாத்திரக்காரப் பெண் ஆரத்தித் தட்டைக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போனதை நான் பார்த்தேன்.

"தட்டை எறக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள், மெதுவாக. "அக்கா மனசு நொந்து எம்பிள்ளைக்கு ஒண்ணும் வேணாம். அவ அண்டாகிட்டயே பேசிக்கட்டும்."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "நீ யாரும்மா வேணாங்குறதுக்கு? நான் ஒங்கிட்டயா கேட்டேன்? இவன்கிட்டக் கேக்குறேன். ஒரு வாரமா எனக்கு மழை வருதா, கேஸ் வருதான்னு போன் போடுறான். ஒரு பொண்ணைத் தங்கச்சின்னு சொல்லி ஊரைக் கூட்டி மேளம் அடிக்கிறான். எனக்கு ஒரு தங்கச்சி கெடச்ச சேதி எனக்கு மேளக்காரர் சொல்லித்தேன் தெரியணுமாடா? ஒளிச்சுச் செய்யுறதுக்கு இது என்ன களவா?"

கவர் விஷயத்தில் அந்தப் பெண் சொன்னதையே இவள் வேறு வாயால் சொல்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

பதில் சொன்னது என் இடுப்பில் இருந்தவள். இவ்வளவு சத்தமாகப் பேசுகிற ஓர் ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. குனிந்து அக்கா முகத்தை நேராகப் பார்த்து, அண்டாவுக்குள் கேட்கிற அதே தொனியில் கேட்டாள்:

"யாரு?"

அக்கா இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்தாள். பிறகு, "நாந்தேன்டி... ஒன் பெரியம்மா" என்றாள்.

பிள்ளைக்கு அப்படியொரு சந்தோஷம். அண்டாவில் கேட்டால் தன் குரலேதான் திரும்பி வரும். இப்போது வேறு ஒருவர் பதில் சொல்கிறார். கையைத் தட்டிக்கொண்டு, "மறுக்கா, மறுக்கா!" என்றாள்.

அக்கா மறுக்கா சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். வரிசையை ஒரு நோட்டம் விட்டாள். "கூறு கெட்டவனே, தட்டு ரெட்டைப்படையால்ல இருக்கு? சீர்த்தட்டு ஒத்தப்படையில வரணும்னு கூடத் தெரியாமத்தேன் பாத்திரக்கடை வச்சிருக்கியா?"

எண்ணிப் பார்த்தால் உண்மைதான். மாப்பிள்ளை வேட்டி, பாய் கொண்டுவந்த கோரைப்பாய், தலையணை என்று மூன்று தட்டு கடைசி நேரத்தில் சேர்ந்ததில் கணக்குத் தப்பியிருந்தது. ஊருக்கெல்லாம் ஒற்றைப்படையில் தட்டு எண்ணிக் கொடுக்கிறவன் நான்.

"ஒரு தட்டைக் குடு இங்க" என்றாள். ஆட்டோவுக்குள் கையை விட்டு ஒரு துணிக்கடைப் பையை எடுத்தாள். உள்ளே பிள்ளைக்குப் பாவாடை சட்டை, தாய்க்கு ஒரு சேலை. சண்டை போட வந்தவள் வருகிற வழியில் கடையில் இறங்கிச் சேலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதைத் தட்டில் பரப்பித் தலைக்கு மேல் தூக்கி, மேளக்காரரைப் பார்த்து, "என்ன வேடிக்கை பாக்குறீக, அடிங்க!" என்றாள்.

மேளம் விழுந்தது. கீழே இறங்கிய ஆரத்தித் தட்டு மேலே வந்தது. அவள் அவசரமாகச் சுற்றியதில் ஆரத்திச் சிவப்பு என் வெள்ளை வேட்டியில் சிந்தியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. போகவைக்கிற எண்ணமும் எனக்கில்லை.

உள்ளே போனதும்தான் கூத்து. காது குத்துக்கு மாமன் மடியில் உட்கார வைக்கிறது போல, சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் என்னை உட்கார வைத்து என் மடியில் மருமகளை வைத்தார்கள். நாற்காலி "க்ரீச்" என்றது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் மற்ற பிள்ளைகள் தட்டுகளைச் சூழ்ந்துவிட்டார்கள். கலர் பென்சில் ஒரு பக்கம், களிமண் ஒரு பக்கம், மாப்பிள்ளை வேட்டி ஒரு பக்கம் என்று பறந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டெல்லாம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

சீர்த்தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு வெற்றிலையாவது வைத்து அனுப்ப வேண்டும். அந்தக் கலவரத்தில் தாய்க்கு அது மறந்துவிட்டது. நான் தட்டுகளைக் கடையில் அடுக்கும்போது ஓடி வந்தாள். "வெறும் தட்டா விட்டுட்டேனேண்ணே, அக்கா என்ன நெனைப்பாக" என்று கலங்கினாள். "பிள்ளைக பறிச்சுட்டுப் போனதுக்கு மேல என்னம்மா மங்களம்" என்றேன். அவளுக்கு மனசு ஆறவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். டீச்சர் கடைக்கு வந்தார். ஜமுக்காளம் கேட்கவில்லை.

"ஒங்க தங்கச்சி நேத்துக் கூட்டத்துல என்ன பண்ணாங்கன்னு தெரியுமா?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"முன் வரிசையில உக்காந்தாங்க. எல்லாரும் பேசி முடிச்சதும் எந்திரிச்சாங்க. 'டீச்சர், பன்னெண்டரைக்குப் பிள்ளைய அனுப்புனா கை வேலைய விட்டுட்டு ஓடியாரது யாரு? எங்க மாதிரி வேலைக்குப் போறவங்க பிள்ளைக எங்கிட்டுப் போகும்? பாயி, தலையணை எல்லாம் சீர்ல வந்துருக்குல்ல, அதுல படுக்கப்போட்டுச் சாயந்தரம் அனுப்புனா என்ன?'ன்னு கேட்டாங்க. கதவோரம் நின்ன ரெண்டு அம்மாக்கள் 'ஆமா டீச்சர்'னு உள்ள வந்துட்டாங்க. அவங்க கொரலை நான் அன்னைக்குத்தான் மொதல்ல கேட்டேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? மாமன் சீரோட வந்த பிள்ளையோட அம்மா கேக்குறாங்க. மதியம் தூங்க வைக்க ஒரு ஆயாம்மாவைப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். குறை சொல்கிற மாதிரி ஆரம்பித்தவர், முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

இப்போது டீச்சர் ஃபீஸ் பேசும்போது கதவைச் சாத்துவதில்லை. கட்ட முடியாது என்று தயங்குகிற வீட்டாரிடம், "பிள்ளைக்கு மாமன் யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறார். மாமன் இருந்தால் ஃபீஸையே சீராகக் கொண்டுவரச் சொல்கிறார். இல்லாத வீட்டுக்குத் தெருவில் மாமன் தேடுகிறார்கள். பாய் இதுவரை இரண்டு பிள்ளைகளுக்கு மாமு. "எம்புட்டுப் பிள்ளைக்குண்ணே ஆவீக?" என்று கேட்டால், "கடையில பாய் தீர்ற வரைக்கும்" என்கிறார். தாம்பாளத்துக்கு நான் வாடகை வாங்குவதில்லை. பெரியம்மா திருநகரிலிருந்து வந்து தட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் மேளம் தொடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

போன வாரம் சாயங்காலம், பள்ளி விட்டு வந்த மருமகள் ஒரு தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். பின்னால் அவள் அம்மா. அக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள்.

"மாமா, தட்டு சும்மா வரக் கூடாதாம்ல. அம்மா சொல்லுச்சு."

தட்டின் நடுவில் களிமண்ணால் செய்த ஒரு பாத்திரம். கட்டைவிரல் அளவு. இரண்டு பக்கமும் காது வைத்திருந்தாள். ஒரு காது பெரிது, ஒரு காது சின்னது.

"என்னம்மா இது?"

"தெரியலையா? சாம்பார் அண்டா. இதுல நீ கூப்புடு மாமா."

அவ்வளவு சின்ன அண்டாவுக்குள் என்னத்தைக் கூப்பிட? நான் அக்காவைப் பார்த்தேன். பாத்திரம் எடுக்க வந்த கிராக்கி ஒருவர் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை சொல்லுதுல்ல, கூப்புடுடா" என்றாள் அக்கா.

குனிந்து வாயை அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "யாரு?" என்றேன்.

மருமகளும் அவள் அம்மாவும் அக்காவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.